வீட்ல கேட்டுச் சொல்றேன்

திரைப்பட விழாவுக்கு வேலை செய்கிறேன் என்று ஒப்புக்கொண்டபோது, படங்களைப் பற்றி நிறையப் பேச வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். நாங்கள் பேசியதெல்லாம் நாற்காலிகளைப் பற்றியும், மதியச் சாப்பாட்டில் வெங்காயம் சேர்க்கலாமா கூடாதா என்பதைப் பற்றியும்தான். வெங்காயத்துக்கு மட்டும் ஒரு முழுக் கூட்டம் போனது.

சப்டைட்டில் எழுதுவது என் தொழில். செம்பாக்கத்தில் என் வீட்டு அறையில் உட்கார்ந்து, படங்களிலும் தொடர்களிலும் தமிழில் பேசுவதைக் கேட்டு, திரையின் அடியில் ஓடும் ஆங்கில வரிகளாக ஆக்கிக் கொடுப்பேன். பக்கத்துச் சிட்லபாக்கத்தில் ஒரு குடியிருப்போர் சங்கம் உண்டு. அதன் வாசிப்பு வட்டத்துக்கு நான் எப்போதாவது போவேன். அங்கேதான் யாரோ இந்த விழா யோசனையைச் சொன்னார்கள். நம் பக்கத்து ஆட்கள் எடுத்த குறும்படங்களைப் போடலாம், யாரும் காது கொடுக்காதவர்களின் கதைகளுக்கு ஒரு நாள் கொடுக்கலாம் என்று. நல்ல யோசனை. அடுத்த வாரமே சங்கத்தின் செயலாளர் அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

செயலாளர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைக் குறை சொல்வது சுலபம். ஆனால் சமூகக் கூடத்தை வாங்கிக் கொடுத்ததும், புரொஜெக்டர் பிடித்ததும், கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று போய்ப் பார்த்ததும் அவர்தான். படங்களைப் பார்ப்பது ஒன்றுதான் அவருக்கு வரவில்லை. லிங்க் அனுப்பினால், ஓப்பன் ஆகவில்லை மேடம் என்பார். மறுபடி அனுப்பினால், நீங்கள் பார்த்தால் நான் பார்த்த மாதிரிதான் என்பார். அப்படியே விழாவுக்கான படங்கள் முடிவாயின. ஃப்ளெக்ஸ் பேனர் வந்தபோது அதில் 'விலிம்பு நிலை மக்களின் குரல்' என்று அச்சாகியிருந்தது. தவறு என்றேன். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது என்றார்.

வந்த படங்களில் ஒன்றின் பெயர் 'கேட்டு'. எடுத்தவர் ஒரு திருநங்கை. சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் வேலை. குன்றத்தூரில் தன் அக்காவோடு தங்கியிருந்து, இரண்டு பஸ்ஸும் ஒரு ரயிலும் மாறி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். சானடோரியம் ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் ஒரு வீடு கிடைத்தால் நேராக ரயில் ஏறிவிடலாம் என்று சிட்லபாக்கத்தில் தெருத் தெருவாக வாடகை வீடு தேடியிருக்கிறார். அதைத்தான் கைப்பேசியிலேயே படமாக எடுத்திருந்தார்.

படத்தில் ஒரு ஆள்கூடத் தெரியவில்லை. வரிசையாக வீட்டு கேட்டுகள் மட்டும். பச்சை கேட்டு, துருப்பிடித்த கேட்டு, மயில் வைத்த கேட்டு. ஒவ்வொன்றிலும் 'டூ-லெட்' பலகை தொங்கும். உள்ளே இருந்து ஒரு குரல் வரும். எல்லாக் குரலும் அவருடையதுதான். வீட்டுக்காரர்கள் என்ன சொன்னார்களோ அதை அவர்களைப் போலவே பேசியிருந்தார். ஃபேமிலிக்கு மட்டும்தான். நேற்றே அட்வான்ஸ் வாங்கிட்டோம். பையன் அமெரிக்காவிலிருந்து வருகிறான். பலகையைக் கழற்ற மறந்துவிட்டோம். கேலியே இல்லாமல் பேசியிருந்தார், அதனாலேயே பார்க்க முடியவில்லை. நான் சப்டைட்டில் எழுத உட்கார்ந்து தலைப்பிலேயே மாட்டிக்கொண்டேன். கேட்டு என்றால் கதவு, கேட்டு என்றால் விசாரித்து. ஆங்கிலத்தில் கதவை மட்டும்தான் போட முடிந்தது.

படத்தின் கடைசியில் ஒரு சாம்பல் நிற கேட்டு வந்தது. அதில் கையால் எழுதிய பலகை: 'கேட்டின் முன் வண்டி நிறுத்தாதீர். மீறினால் காற்று இறக்கப்படும்.' நான் படத்தை நிறுத்தினேன். அந்த எழுத்தை எனக்குத் தெரியும். எங்கள் கூட்டங்கள் நடந்ததே அந்த கேட்டுக்கு உள்ளே இருக்கும் கார் ஷெட்டில்தான். அது செயலாளரின் வீடு.

அந்த கேட்டில் வந்த குரல் மற்றவற்றைப் போல இல்லை. மெதுவான ஒரு பெண் குரல். "வெயில்ல வந்திருக்கியேம்மா, இரு, தண்ணி குடிச்சிட்டுப் போ. மாடி போர்ஷன் காலியாத்தான் இருக்கு. வீட்ல கேட்டுச் சொல்றேன்." பிறகு குரல் எதுவும் இல்லை. கேட்டு மட்டும் வெகுநேரம் திரையில் நிற்கும். வெயில் இறங்கி அதன் நிழல் நீளும். அதோடு படம் முடியும்.

மறுநாள் மாலை படத்தை எடுத்தவரை, அவர் வேலை முடிந்து ரயிலில் வரும்போது சானடோரியம் ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் சந்தித்தேன். சில வசனங்களைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லித்தான் வரச் சொன்னேன். கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றியபடியே வந்தார். டீ கொஞ்சம் குடித்த பிறகு அது யார் வீடு என்று சொன்னேன். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"மத்த வூட்ல எல்லாம் இல்லன்னுட்டாங்க, நானும் போயிக்கினே இருந்தேன்," என்றார். "இந்த ஒரு வூட்டுக்குத்தாங்கா காத்துக்கினு இருந்தேன். போன் வரும்னு நெனச்சேன். அந்தம்மா பொய் சொல்ற மாதிரி இல்ல."

அந்த ஒரு கேட்டை எடுத்துவிட்டால் விழாவில் எந்தச் சிக்கலும் வராது என்று நான் சொல்லவில்லை. ஆனால் சொல்ல நினைத்தது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"அத்த மட்டும் எடுத்தா, அந்த வூட்டு மேல மட்டும் தான் எனக்குக் கோவம்னு ஆயிடும்," என்றார். "எனக்கு அவங்க மேல கோவமே இல்ல. இருக்கட்டும்கா."

இருக்கட்டும் என்று அவர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு விழா நாள் வரை செயலாளரோடு தினமும் பேச வேண்டியவள் நான். காலையில் பால் வாங்கும் நேரத்தில் அவருடைய போன் வரும். வரவேற்பு நடனத்துக்குக் காலனிக் குழந்தைகள் தயார். ஏரியின் மேல் டிரோன் பறக்கவிட்டு எடுத்த வீடியோ ஒன்று சங்கத்திடம் இருக்கிறது, அதையும் போட்டால் ஊருக்குப் பெருமை. திருநங்கை என்றால் ராசி, அவர் கையால் எல்லாரையும் ஆசீர்வாதம் பண்ணச் சொன்னால் எப்படி இருக்கும்? நான் வேண்டாம் என்றேன். ஏன் மேடம், நல்ல மனதோடுதானே கேட்கிறோம் என்றார். நல்ல மனதுதான். அதில்தான் எனக்குப் பொறுமை போனது. கெட்ட மனது என்றால் சண்டை போட்டிருக்கலாம்.

அவருடைய மனைவியையும் அந்த நாட்களில் அடிக்கடி பார்த்தேன். கூட்டம் நடக்கும்போது காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். சர்க்கரை போதுமா என்று என்னிடம் மட்டும் கேட்பார். அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் படத்தில் இயக்குநர் பேசிக் காட்டிய குரல் எவ்வளவு சரியாக இருக்கிறது என்று வியப்பேன். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாமா என்று தோன்றும். சொன்னால் கணவரிடம் சொல்வார், கணவர் படத்தை நிறுத்துவார். சொல்லாவிட்டால் ஊருக்கு முன்னால் உட்கார்ந்து பார்ப்பார். எது செய்தாலும் தப்பு என்கிற மாதிரி ஒரு வேலையில் என்னைக் கொண்டுவந்து விட்டார்களே என்று எல்லார் மேலும் எரிச்சலாக வந்தது. டீக்கடையில் கண்ணியமாகப் பேசிவிட்டுப் போன அந்த இயக்குநர் மேலும்கூட.

விழா நாளன்று கூடத்துக்குப் போனால் ஜன்னல்களுக்குத் திரை இல்லை. பகல் வெளிச்சத்தில் படம் வெள்ளை வெளேரென்று கரைந்துபோனது. திரை வேண்டும் என்று நான் முதல் கூட்டத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தேன். வெங்காயம் பேசிய நேரத்தில் இதைப் பேசியிருக்கலாம். கடைசியில் காலனி வீடுகளிலிருந்து போர்வைகளைக் கொண்டுவந்து கட்டினோம். அதிகப் போர்வைகள் கொண்டுவந்தவர் செயலாளரின் மனைவி. மூட்டு வலியோடு மாடிப் படிகளில் ஏறி இறங்கி எடுத்து வந்திருந்தார். யானை படம் போட்ட ஒரு போர்வையை இயக்குநர்தான் நாற்காலி மேல் ஏறி நின்று கட்டினார். கீழே நின்று பிடித்தவர் அந்த அம்மா. பார்த்து, பார்த்து, விழுந்துடப் போற என்று சொல்லிக்கொண்டே நாற்காலியைப் பிடித்தார். அவருக்கு இவரை அடையாளம் தெரியவில்லை. அன்றைக்கு இவர் பட்டுப் புடவை கட்டி, முடி முடிந்து, பூ வைத்திருந்தார். வீடு தேடி வந்தபோது கம்பெனிச் சட்டையில் இருந்திருப்பார். இவருக்குத் தெரிந்தது. போர்வையின் முடிச்சைத் தேவைக்கு அதிகமாக இறுக்கிக்கொண்டிருந்தார்.

தலைமை விருந்தினர் ஒரு சீரியல் நடிகர். ஜி.எஸ்.டி. சாலையில் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்தார். வந்தவர் விளிம்பு நிலை பற்றிப் பேசினார். கதாநாயகன் வேடம் தனக்கு ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை, அந்த வகையில் தானும் ஓரத்தில் தள்ளப்பட்டவன்தான் என்றார். கைதட்டினார்கள். பிறகு படங்கள் எடுத்தவர்களை மேடைக்கு அழைத்தார்கள். மற்றவர்களை எல்லாம் இயக்குநர் என்று சொன்ன செயலாளர், இவர் முறை வந்ததும் நமது திருநங்கை சகோதரி என்றார். பொன்னாடை போர்த்திய பிறகு, மைக்கை விட்டு விலகாமலேயே, எல்லாரையும் ஒருமுறை ஆசீர்வாதம் பண்ணுங்கம்மா என்று கேட்டும்விட்டார். நான் வேண்டாம் என்று சொன்னது அவர் காதிலேயே விழவில்லை போலிருக்கிறது.

"படம் எடுத்துக்கினு வந்திருக்கேன் சார்," என்றார் இயக்குநர். "படத்தப் போடுங்க."

மரியாதையாகத்தான் சொன்னார். இருந்தாலும் கூடம் கொஞ்சம் அசைந்து உட்கார்ந்தது.

நடனமும் பேச்சும் தின்றது போக மிஞ்சிய நேரத்தில் படங்களைச் சுருக்கிவிடலாமா என்று செயலாளர் என் காதில் கேட்டார். எந்தப் படத்தை என்று கேட்டேன். அந்த கேட்டுப் படம் கொஞ்சம் நீளமாமே என்றார். அவர் எதையும் தெரிந்து சொல்லவில்லை, சாப்பாடு ஆறிவிடும் என்கிற கவலையில் சொன்னார். புரொஜெக்டருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, முதலில் அதையே போட்டுவிட்டேன்.

தொடக்கத்தில் சிரித்தார்கள். ஏய், இது நம்ம மூணாவது தெரு என்று ஒருவர். மயில் கேட்டு வந்தபோது அந்த வீட்டுக்காரரின் தோளில் பின்னாலிருந்து தட்டினார்கள். சொந்த ஊரைத் திரையில் பார்க்கிற சந்தோஷம். குரல்கள் அடுக்கிக்கொண்டே வர, சிரிப்பு மெல்ல நின்றது. மயில் கேட்டுக்காரர் கைப்பேசியை எடுத்துக் குனிந்துகொண்டார். சாம்பல் கேட்டும் பலகையும் வந்தபோது கூடம் முழுவதும் ஒருமுறை செயலாளரைத் திரும்பிப் பார்த்தது. காற்று பிடுங்கப்படாத வண்டி அந்தத் தெருவில் குறைவு. எல்லாருக்கும் அந்தப் பலகை தெரியும்.

செயலாளர் கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்தார். அவருடைய மனைவி பெண்கள் பக்கத்தில், போர்வை கட்டிய ஜன்னலை ஒட்டி உட்கார்ந்திருந்தார். தண்ணி குடிச்சிட்டுப் போ என்ற குரல் வந்தபோது, தன்னை யாரோ கூப்பிட்டதுபோல நிமிர்ந்தார்.

படம் முடிந்து விளக்கு போட்டார்கள். கலந்துரையாடல் என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. முதலில் எழுந்தவர், தன் கேட்டுக்கு இப்போது பெயிண்ட் அடித்தாகிவிட்டது, பழைய கேட்டைக் காட்டியது சரியில்லை என்றார். அடுத்தவர், தனியார் கேட்டுகளைப் படம் எடுக்க அனுமதி வாங்கினீர்களா என்று கேட்டார். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இயக்குநர் மைக்கைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக நின்றார். செயலாளர் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, நேரமாகிறது, மற்ற கேள்விகளைச் சாப்பாட்டின்போது கேட்டுக்கொள்ளலாம் என்றார்.

அப்போதுதான் அவருடைய மனைவி எழுந்தார். மைக் இல்லை. கூடம் தானாக அமைதியானது.

"கடைசில வந்தது எங்க வீட்டு கேட்டு," என்றார். "பேசினது நான்தான்."

செயலாளர், சரி, அதை அப்புறம் பார்த்துக்கலாம் என்றார். அந்த அம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. இயக்குநரையே பார்த்துப் பேசினார்.

"நான் கேட்டேம்மா. இவர் வேண்டாம்னுட்டார். அதை உனக்குச் சொல்லியிருக்கணும். உன் நம்பர் ஃபிரிட்ஜ் மேலயே இருந்தது. என்னன்னு சொல்றதுன்னு தெரியாம விட்டுட்டேன்."

இயக்குநர் மைக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "நீங்க தண்ணி குடுத்தீங்கம்மா," என்றார். "அதையும் படத்துல வெச்சிருக்கேன்."

"மாடி இன்னும் காலியாத்தான் இருக்கு," என்றார் அந்த அம்மா. சொல்லிவிட்டு முதல் முறையாகக் கணவரைப் பார்த்தார்.

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள். அந்த நிமிடத்தில் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அவருடைய எல்லாத் தொல்லைகளையும் மன்னித்திருப்பேன். அவர் முகம் சிவந்துபோய், யார் வந்தது என்றே தனக்கு அப்போது தெரியாது, யாரோ தனியாக வந்தார்கள் என்றுதான் சொன்னாள், குடும்பத்துக்குத்தான் விடுவது என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தோம், இதில் வேறு எண்ணம் எதுவும் இல்லை என்றார். படத்தில் மற்ற கேட்டுகள் சொன்ன அதே வார்த்தைகளைத் தானும் சொல்கிறோம் என்பது அவருக்குப் பாதியில் உறைத்திருக்க வேண்டும். வாக்கியத்தை முடிக்காமல் நிறுத்தினார்.

"எனக்கு வூடு கெடச்சிடுச்சு சார்," என்றார் இயக்குநர். "சிங்கப்பெருமாள் கோவில்லயே. தண்ணி கஷ்டம், மத்தபடி ஒண்ணும் கொறையில்ல."

அது உண்மைதான். ஆனாலும் அவர் சொன்ன விதத்தில் செயலாளரைக் காப்பாற்றுகிற ஒரு அவசரம் இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. அவமானப்பட்டவர் தெருத் தெருவாக அலைந்தவர். மேடையில் நிற்கிறவரைச் சங்கடத்திலிருந்து தூக்கிவிடும் வேலையும் அவருக்கே வந்தது. யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். எல்லாரும் தட்டினார்கள். எதற்குத் தட்டுகிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. அடுத்ததாக ஏரியின் டிரோன் வீடியோ ஓடியது. தண்ணீர் அழகாகத்தான் இருந்தது.

அன்று மாலையிலிருந்து காலனியின் வாட்ஸ்அப் குழுவில் சண்டை. படம் காலனியின் பெயரைக் கெடுத்துவிட்டது என்று ஒரு பக்கம். அந்தப் படத்தை உடனே இணையத்திலிருந்து நீக்க வேண்டும் என்றார் ஒருவர்; அது இணையத்திலேயே இல்லை. இன்னொருவர், தன் பழைய கேட்டை இடித்தாகிவிட்டது, நினைவுக்கு ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்டார். வாடகைக்கு வீடு விடுவதைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை. நான் எழுத ஆரம்பித்து, நீளமாகப் போய், அழித்தேன்.

செயலாளரின் மாடி போர்ஷனுக்கு அடுத்த மாதம் ஒரு கணவனும் மனைவியும் குடிவந்தார்கள். கணினி நிறுவனத்தில் வேலையாம். அதை எனக்குச் சொன்னவர் செயலாளரேதான். போன் பண்ணி, வேறு ஏதோ பேசிவிட்டு, நடுவில் அதைச் சொன்னார். ஏன் என்னிடம் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. அவரும் உடனே போனை வைக்கவில்லை.

அவருடைய மனைவி தனியாக எனக்குப் போன் பண்ணி இயக்குநரின் நம்பரைக் கேட்டார். ஃபிரிட்ஜ் மேல் இருந்த சீட்டு எப்போதோ போய்விட்டதாம். கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று நான் சொன்னபோது எனக்கே நாக்கு கூசியது. இயக்குநரிடம் அன்றைக்கே கேட்டேன். குடுங்கக்கா, ஆனா வூட்டப் பத்தி மட்டும் பேச வேணாம்னு சொல்லிடுங்க என்றார். அப்படியே சொல்லி, நம்பரைக் கொடுத்தேன்.

போன வாரம் இயக்குநருடைய அடுத்த படத்துக்கு வசனம் சரிபார்க்கப் பேசினோம். தொழிற்சாலைக் கேண்டீனைப் பற்றிய படம். வேலை முடிந்ததும், அந்த அம்மா இன்னும் பேசுகிறாரா என்று கேட்டேன். பெருமூச்சு விட்டார்.

"வாரா வாரம் போன் பண்றாங்கக்கா. மூட்டு வலி, புதுசா வந்த வாடகக்காரங்க தண்ணி மோட்டார நிறுத்தாம போறாங்க, வீட்டுக்காரர் டிவி சத்தம் கொறைக்க மாட்டேங்கிறாரு. எல்லாத்தையும் என்கிட்டதான் சொல்றாங்க. எடுக்காம இருக்கவும் மனசு வரல. பேஜாராக் கீது."

வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்க்கட்டுமா என்றேன்.

"அய்யய்ய, அதெல்லாம் வேணாம்," என்றார். "ஸ்பீக்கர்ல போட்டுட்டு, 'ம்' கொட்டிக்கினே சப்பாத்தி போட்டுக்கினு இருப்பேன். அவங்களுக்கும் தெரியும்னு நெனக்கிறேன்."